சார்லி பார்க்கர்: அவர் வெறுத்த இசைத்தட்டை ரசிகர்கள் இன்னும் தேடிக் கேட்பது ஏன்?

மியூசிக் ஆப்பில் சார்லி பார்க்கர் என்று தேடிப் பாருங்கள். ஒரே பாட்டு நான்கைந்து தடவை வரிசையாக வந்து நிற்கும். பெயர் ஒன்றுதான், பக்கத்தில் டேக் 1, டேக் 3, ஆல்டர்நேட் டேக், மாஸ்டர் என்று ஏதாவது ஒட்டியிருக்கும். சில டிராக் அரை நிமிடம்கூட ஓடாது. வாசிப்பு தொடங்கிய வேகத்தில் யாரோ குறுக்கிட்டு நிறுத்திவிடுவார்கள். ஆப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவோம்.

கோளாறு எதுவும் இல்லை. 34 வயதில் இறந்துபோன ஒரு சாக்ஸஃபோன் கலைஞர் வாசித்த சின்னத் துண்டைக்கூட விடக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தேடிச் சேர்த்தவர்களின் வேலை அது. அதில் பாதியை பார்க்கர் உயிரோடு இருந்திருந்தால் வெளியே விட்டிருப்பாரா என்பது சந்தேகம். அவர் காலத்திலேயே வெளிவந்த ஒரு தட்டுக்காக, அதை வெளியிட்டவரை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஜாஸ் சேகரிப்பாளர்கள் இன்றுவரை அதிகம் சண்டை போடும் தட்டுகளில் அதுவும் ஒன்று.

யார் இந்த 'பேர்ட்'?

1920 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள கான்சாஸ் சிட்டியில் பார்க்கர் பிறந்தார். வளர்ந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், மிசௌரி மாநிலத்தில் அதே பெயரில் இருக்கும் பெரிய நகரத்தில். டாம் பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் புள்ளியின் கைக்குள் ஊர் இருந்த காலம் அது. மதுக்கடைகளும் கிளப்புகளும் விடிய விடியத் திறந்திருக்கும். இசைக்கலைஞர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. மகனுக்கு ஆல்டோ சாக்ஸஃபோன் வாங்கிக் கொடுத்தவர் அம்மா ஆடி பார்க்கர். 'யார்ட்பேர்ட்' என்ற பட்டப்பெயர் பின்னால் வந்தது. அது சுருங்கி 'பேர்ட்' ஆனது.

பார்க்கர் பிறவி மேதை என்று நினைத்தால் தவறு. 1936-ல், ரீனோ கிளப்பில் பெரியவர்களோடு சேர்ந்து வாசிக்கப் போய் அவர் தடுமாறியபோது, டிரம்மர் ஜோ ஜோன்ஸ் தன் சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் வீசியதாக ஒரு கதை உண்டு. ஜாஸ் உலகில் அதைத் தெரியாதவர்கள் இல்லை. அவமானப்பட்ட பையன் அடுத்த கோடையில் ஓசார்க் மலைப் பகுதியில் ஒரு விடுதியில் வாசிக்கப் போனான். கையோடு கொண்டுபோனது கவுண்ட் பேஸி குழுவின் இசைத்தட்டுகள். அவற்றில் டெனர் சாக்ஸஃபோன் வாசித்தவர் லெஸ்டர் யங்.

ஆக, பார்க்கரின் கதையே ஒரு இசைத்தட்டுப் பைத்தியத்தின் கதையாகத்தான் தொடங்குகிறது. யூடியூப் கிடையாது, நோட்ஸ் கிடையாது. ஊசியைத் தூக்கி மறுபடி அதே பள்ளத்தில் வைத்து, ஒவ்வொரு சுரமாகப் பிடிக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கி வந்தபோது லெஸ்டரின் சோலோக்கள் அவருக்கு மனப்பாடம்.

இதைக் காதால் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. 'லேடி பி குட்' என்ற பாட்டை லெஸ்டர் யங் 1936-ல் பதிவு செய்தார். அதே பாட்டை பார்க்கர் 1940-ல், ஜே மெக்‌ஷான் குழுவோடு விச்சிட்டா நகர வானொலி நிலையம் ஒன்றில் வாசித்தார். அந்தப் பதிவு கடைக்கு வந்தது 1970-களில்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். சீடன் குருவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது அப்பட்டமாகத் தெரியும். ஆனால் கை நீளம் போதவில்லை. தையல் அங்கங்கே பிரிய ஆரம்பித்துவிட்டது.

ஒரு புரட்சி நடந்தது, பதிவு இல்லை

அடுத்து நடந்ததுதான் முக்கியம். சேகரிப்பாளர்களுக்குப் பெரிய வயிற்றெரிச்சலும் அதுதான்.

பார்க்கர் நியூயார்க் வந்தார். ஹார்லெம் பகுதியில் மின்டன்ஸ், மன்றோஸ் போன்ற இடங்களில் நள்ளிரவுக்குப் பிறகு இளைஞர்கள் கூடி வாசித்தார்கள். டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி, பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் எல்லோரும் அந்தக் கூட்டம்தான். ஆடுவதற்கான இசையாக இருந்த ஜாஸ், உட்கார்ந்து கூர்ந்து கேட்க வேண்டிய இசையாக மாறியது அங்கேதான். வேகம் கூடியது, வாக்கியங்கள் எதிர்பாராத இடத்தில் தொடங்கி எதிர்பாராத இடத்தில் முடிந்தன. பின்னால் இதற்கு 'பீபாப்' என்று பெயர் வந்தது.

ஆனால் 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர்கள் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் அறிவித்திருந்தது. தட்டு விற்பனையால் நேரில் வாசிப்பவர்களின் பிழைப்பு போகிறது, அதற்கு ஈடு வேண்டும் என்பது கோரிக்கை. பெரிய கம்பெனிகளான விக்டரும் கொலம்பியாவும் இறங்கிவர 1944 நவம்பர் ஆனது. பார்க்கரும் கில்லெஸ்பியும் ஏர்ல் ஹைன்ஸ் குழுவில் ஒன்றாக இருந்தது இந்த இடைவெளியில்தான், 1943-ல். அந்தக் குழு ஒரு தட்டுகூடப் போடவில்லை. சிகாகோவில் ஒரு ஓட்டல் அறையில் நண்பர் ஒருவர் தன் சொந்தக் கருவியில் பதிந்த சில துண்டுகள் மட்டும் மிஞ்சின. அதில் பார்க்கர் கையில் இருப்பது ஆல்டோகூட இல்லை, டெனர்.

அதனால் 1945-ல் முதல் பீபாப் தட்டுகள் கடைக்கு வந்தபோது, கேட்டவர்களுக்கு அது வானத்திலிருந்து குதித்த மாதிரி இருந்தது. நடுவில் நடந்த வளர்ச்சியை யாரும் கேட்டிருக்கவில்லை.

ஒரே பாட்டுக்கு ஏன் இத்தனை டேக்?

1945 நவம்பர் 26. சவாய் என்ற சிறிய கம்பெனிக்காக நியூயார்க்கில் ஒரு ஒலிப்பதிவு. டிரம்பெட்டில் 19 வயது மைல்ஸ் டேவிஸ், டிரம்ஸில் மேக்ஸ் ரோச், பாஸில் கர்லி ரஸல். கூடவே கில்லெஸ்பி.

அன்றைய 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். இப்போது மாதிரி வெட்டி ஒட்டவும் முடியாது. யாராவது தப்பு செய்தால் மறுபடி முதலிலிருந்து. அன்று 'பில்லீஸ் பவுன்ஸ்' ஐந்தாவது டேக்கில்தான் சரியாக வந்தது. 'நவ்ஸ் த டைம்' நாலாவதில். சாக்ஸஃபோன் ரீட் கிறீச்சிட்டுத் தொல்லை கொடுத்ததை முதல் டேக்குகளில் நன்றாகவே கேட்கலாம். கம்பெனிக்குத் தேவை கடைசியாகத் தேறிய ஒன்று மட்டும்தான். ஆனால் சவாய் மற்றவற்றைத் தூக்கிப் போடவில்லை. அதுதான் இன்று உங்கள் ஆப்பில் வரிசைகட்டி நிற்கிறது.

வழக்கமான பாடகராக இருந்தால் ஐந்து டேக்கையும் கேட்பது வெட்டிவேலை. பார்க்கர் விஷயத்தில் அப்படி இல்லை. மெட்டை வாசித்து முடித்ததும் வருகிற சோலோ முழுக்க மனோதர்மம். அந்த நொடியில் தோன்றுவதுதான். ஒரு டேக்கில் வாசித்தது அடுத்ததில் அப்படியே திரும்பி வராது. அன்றைய பதிவில் உச்சம் 'கோ-கோ'. 'செரோக்கி' என்ற பழைய பாட்டின் சுரக்கூட்டு வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலே தலைதெறிக்கும் வேகத்தில் புதிய இசை. முதல் டேக்கில் 'செரோக்கி' மெட்டையே வாசிக்க ஆரம்பிக்கிறார்கள், உடனே நிறுத்தப்படுகிறது. இன்னொருவரின் மெட்டை வாசித்தால் அவருக்கு ராயல்டி கொடுக்க வேண்டும், பின்னால் ஓடும் சுரக்கூட்டுகளுக்கு யாரும் காப்புரிமை கேட்க முடியாது என்பதுதான் இதன் கணக்கு என்பார்கள். பீபாப் பாட்டுகளில் பாதி இப்படிப் பிறந்தவைதான்.

'கோ-கோ'வில் பியானோ வாசித்தது கில்லெஸ்பியா, சாதிக் ஹக்கீமா என்று இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது. வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று தோன்றலாம். ஆனால் அப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட கூட்டம்தான் தவறான பெயர்களோடும் தேதிகளோடும் வந்த பல தட்டுகளைத் திருத்தியது.

இன்னொரு சுவாரசியம்: அன்று ரீட் பிரச்சினைக்கு நடுவே பார்க்கர் சும்மா கையைச் சூடேற்றிக்கொண்டு இருந்ததும் பதிவானது. 'வார்மிங் அப் எ ரிஃப்' என்று பெயர் வைத்து அதையும் விற்றுவிட்டார்கள். ஆரம்பமே இல்லாமல் நடுவிலிருந்து தொடங்கும் அந்தத் தட்டு.

ரெகார்டு கடைக்காரர் ராஸ் ரஸல்

1945 டிசம்பரில் பார்க்கரும் கில்லெஸ்பியும் லாஸ் ஏஞ்சலிஸ் போனார்கள். அங்கே ஹாலிவுட்டில் 'டெம்போ' என்ற இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவர் ராஸ் ரஸல். பார்க்கரைக் கேட்டதும் தானே ஒரு கம்பெனி தொடங்கினார்: 'டயல்'. ஒரு ரசிகர் முதலாளி ஆகும்போது வருகிற நல்லது கெட்டது இரண்டுக்கும் இவரைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

நல்லது இது. 1946 மார்ச் 28 அன்று 'எ நைட் இன் டுனீசியா' பதிவானபோது, முதல் டேக்கில் பார்க்கர் ஒரு தனித் தாவல் வாசித்தார். மற்ற எல்லோரும் நிறுத்திவிட, அவர் மட்டும் சில நொடிகள் மின்னல் மாதிரி பாய்கிற இடம். டேக் மொத்தமாகத் தேறவில்லை. அந்தத் துண்டை வீணாக்க ரஸலுக்கு மனசு வரவில்லை. பின்னாளில் 'ஃபேமஸ் ஆல்டோ பிரேக்' என்று தனியாகவே வெளியிட்டார். ஒரு நிமிடம்கூட ஓடாத தட்டு.

கெட்டது நாலு மாதத்தில் வந்தது. பார்க்கருக்குப் பதின்ம வயதிலிருந்தே ஹெராயின் பழக்கம். எமரி பேர்ட் என்ற போதைமருந்து வியாபாரிக்கு, டயல் தட்டுகளின் ராயல்டியில் பாதியை எழுதிக் கொடுக்கிற அளவுக்கு முற்றியிருந்தது. அந்த ஆளின் பட்டப்பெயரில்தான் 'மூஸ் த மூச்' என்ற பாட்டே இருக்கிறது. அவர் கைதானதும் பார்க்கருக்கு மருந்து வருவது நின்றது. மதுவில் விழுந்தார்.

1946 ஜூலை 29. ஒலிப்பதிவுக்கு வந்த பார்க்கரால் நிலையாக நிற்கவே முடியவில்லை. 'லவர் மேன்' பாட்டில் பியானோ முன்னிசை வாசித்துவிட்டுக் காத்திருக்கிறது. சாக்ஸஃபோன் வர வேண்டிய இடத்தில் வரவில்லை. பியானோ சமாளித்து இழுக்கிறது. தாமதமாக உள்ளே வரும் பார்க்கர் தேடித் தேடி ஒவ்வொரு வாக்கியமாக வைக்கிறார். சில இடங்களில் மூச்சு முட்டுகிறது. அன்று இரவே அவர் தங்கியிருந்த ஓட்டல் அறையில் தீப்பிடித்தது. போலீஸ் அவரைக் கைது செய்தது. கமரில்லோ அரசு மனநல மருத்துவமனையில் ஏறக்குறைய ஆறு மாதம் இருந்தார்.

ரஸல் அந்தத் தட்டை வெளியிட்டார். தன் நோயை ஊருக்குக் காட்டிக் காசு பார்த்ததாக பார்க்கர் கொதித்தார். சேகரிப்பாளர்களில் ஒரு தரப்பு, அவர் பதிந்தவற்றிலேயே மனதை உலுக்குவது இதுதான் என்கிறது. இன்னொரு தரப்பு, விபத்தில் அடிபட்டவரை வேடிக்கை பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறது. கலைஞர் வேண்டாம் என்றதை விற்ற விஷயத்தில் ரஸல் பக்கம் நியாயம் குறைவு. ஆனால் டயல் இல்லாவிட்டால், மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு 1947-ல் பார்க்கர் வாசித்த பொன்னான பதிவுகளில் பெரும்பகுதி இருந்திருக்காது என்பதையும் மறைக்க முடியாது.

அந்த 1947 பதிவுகளில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அக்டோபர் 28 அன்று 'எம்ப்ரேசபிள் யூ' என்ற கெர்ஷ்வின் பாட்டை பார்க்கர் இரண்டு டேக் வாசித்தார். இரண்டிலும் மூல மெட்டு ஏறக்குறைய வரவே வராது. முதலாவதில் ஆறு சுரங்கள் கொண்ட ஒரு சின்ன வாக்கியத்தைப் பிடித்து, அதையே திருப்பி, நீட்டி, தலைகீழாக்கி ஒரு மாளிகை கட்டுகிறார். இரண்டாவதில் அந்தச் செங்கல் ஒன்றுகூட இல்லை. முற்றிலும் வேறு கட்டடம். நடுவில் இருந்த இடைவெளி சில நிமிடங்கள்தான். டேக் எண்களைத் துரத்துகிறவர்களைக் கிண்டல் செய்கிறவர்கள், இந்த இரண்டையும் கேட்டுவிட்டுச் செய்யலாம்.

பார்க்கரை மட்டும் பதிந்த மனிதர்

டீன் பெனடெட்டி, சாக்ஸஃபோன் கலைஞர். 1947 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸின் ஹை-டி-ஹோ கிளப்பில் பார்க்கர் வாசித்தபோது, தட்டில் ஒலியைச் செதுக்கும் கருவியோடு இரவுக்கு இரவு போய் உட்கார்ந்தார். தட்டு விலை அதிகம், இடமோ குறைவு. அதனால் பார்க்கர் வாசிக்கும்போது மட்டும் பதிவார். அவர் நிறுத்தினதும் கருவியும் நிற்கும். டிரம்பெட், பியானோ சோலோ எதுவும் கிடையாது. அடுத்த ஆண்டு நியூயார்க் போய் டேப்பிலும் பதிந்தார்.

பெனடெட்டி 1957-ல் இத்தாலியில் இறந்தார். அவருடைய பதிவுகள் பற்றிப் பேச்சு மட்டும் உலாவியது. கம்பிச்சுருள் கருவியோடு பார்க்கர் பின்னால் நாடு முழுக்க அலைந்தவர் என்றெல்லாம் கதை வளர்ந்தது. அதைப் பரப்பியதில் ராஸ் ரஸல் 1973-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. உண்மையில் தட்டுகளும் டேப்புகளும் பெனடெட்டியின் சகோதரரிடம் பத்திரமாக இருந்தன. 1990-ல் மொசைக் நிறுவனம் அவற்றை 7 சிடிகளாக வெளியிட்டது. பதிவுகளைச் சீர்செய்த குழுவில் இருந்த ஃபில் ஷாப், நியூயார்க்கின் டபிள்யூ.கே.சி.ஆர். வானொலியில் 1981 முதல் பார்க்கருக்காகவே தினசரி காலை நிகழ்ச்சி நடத்தியவர். ஒரே தட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர் என்று பெயர் வாங்கியவர்.

கேட்க இனிமையா? இல்லை. சரசரப்பு, பாதியில் தொடங்கிப் பாதியில் அறுந்துபோகும் துண்டுகள். இது காரில் போட்டுக்கொண்டு போகும் இசை இல்லை. ஆனால் ஸ்டூடியோவின் மூன்று நிமிடக் கட்டுப்பாடு இல்லாமல், கிளப் மேடையில் பார்க்கர் எப்படி இருந்தார் என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி கிடையாது.

கிளின்ட் ஈஸ்ட்வுட் 1988-ல் எடுத்த 'பேர்ட்' படத்திலும் ஏறக்குறைய இதே வெட்டுதான் நடந்தது. பழைய பதிவுகளிலிருந்து பார்க்கரின் சாக்ஸஃபோனை மட்டும் பிரித்தெடுத்து, மற்ற வாத்தியங்களைப் புதிதாக வாசிக்க வைத்துச் சேர்த்தார்கள். ஒலி பளிச்சென்று இருந்தது. பழைய சேகரிப்பாளர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை.

பிளாஸ்டிக் சாக்ஸஃபோன்

1949-ல் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் பார்க்கரை வயலின் குழுவோடு வாசிக்க வைத்தார். நன்றாக விற்றது, தீவிர ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 'ஜஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' ஒன்று போதும், அவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று காட்ட. அதே டிசம்பரில் நியூயார்க்கில் அவர் பெயரால் 'பேர்ட்லேண்ட்' கிளப் திறந்தது. 1951-ல் கிளப்புகளில் வாசிப்பதற்கான போலீஸ் அனுமதி அட்டை பறிபோனது.

1953 மே 15, டொராண்டோ மாஸி ஹால். பார்க்கர், கில்லெஸ்பி, பட் பவல், சார்ல்ஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச் ஒரே மேடையில். அதே இரவில் மார்சியானோ - வால்காட் குத்துச்சண்டை. அரங்கில் கூட்டமில்லை. பார்க்கர் கையில் வெள்ளை நிற பிளாஸ்டிக் சாக்ஸஃபோன். சொந்தக் கருவியை அடகு வைப்பது அவருக்குப் பழகிப்போன விஷயம். கச்சேரியை மிங்கஸும் ரோச்சும் தங்கள் டெபூ நிறுவனத்தில் வெளியிட்டார்கள். ஒப்பந்தம் கிரான்ஸிடம் இருந்ததால் பார்க்கர் பெயரைப் போட முடியாது. அட்டையில் 'சார்லி சான்' என்று இருக்கும். தன் பாஸ் ஒலி சரியாகக் கேட்கவில்லை என்று மிங்கஸ் பிறகு ஸ்டூடியோவில் உட்கார்ந்து மேலே வாசித்துச் சேர்த்தார். பிந்தைய மறுவெளியீடுகளில் அந்தச் சேர்க்கை இல்லாத மூல ஒலியும் கிடைக்கிறது. பாஸ் மங்கலாக இருந்தாலும் மூலமே மேல். அரங்கின் காற்று அதில்தான் இருக்கிறது. அந்த பிளாஸ்டிக் சாக்ஸஃபோன் 1994-ல் லண்டனில் 93,500 பவுண்டுக்கு ஏலம் போய், கான்சாஸ் சிட்டிக்கே திரும்பியது.

1954-ல் அவருடைய சின்ன மகள் பிரீ இறந்தாள். அதிலிருந்து அவர் மீளவில்லை. 1955 மார்ச் 12 அன்று நியூயார்க்கின் ஸ்டான்ஹோப் ஓட்டலில், தோழி பனோனிகா த கோனிக்ஸ்வார்ட்டரின் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது பார்க்கர் இறந்தார். உடலைப் பார்த்த மருத்துவர் வயது ஐம்பதுக்கு மேல் என்று குறித்தார்.

சரி, எதிலிருந்து தொடங்குவது?

அவர் இறந்த பிறகு வந்த மறுவெளியீடுகளைக் கேட்டு முடிக்க ஒரு வருஷம் போதாது. 1988-ல் வெர்வ் பதிவுகள் மொத்தமும் 10 சிடிகளாக வந்தன. 2000-ல் சவாய், டயல் பதிவுகள் அனைத்தும் 8 சிடிகள். எல்லா டேக்கும் பதிந்த வரிசையிலேயே இருக்கும். அதாவது ஒரே மெட்டை ஐந்து தடவை தொடர்ந்து கேட்க வேண்டும். முதல் தடவை கேட்பவரை விரட்டியடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. தேறிய டேக்குகளை மட்டும் எடுத்து 3 சிடிகளாகச் சுருக்கிய பதிப்பும் இருக்கிறது. அதில் தொடங்குங்கள். ஒரு பாட்டு மனதில் ஒட்டிக்கொண்ட பிறகு, அதன் மற்ற டேக்குகளைத் தேடிப் போகலாம்.

'லவர் மேன்'? 1951 ஆகஸ்ட் 8 அன்று பார்க்கர் அதே பாட்டை மறுபடி பதிந்தார், இந்த முறை கிரான்ஸுக்காக. நல்ல உடல்நிலை, நல்ல குழு, சரியான இடத்தில் நுழைவு, பிசிறில்லாத ஒலி. முன்னதை மறக்கடிக்க நினைத்துப் பதிந்ததா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆப்பில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். 1951-ஐ முதலில் கேளுங்கள்.